கழுவிய நீர்

இருநூறு மில்லி உப்புநீரை
கமாதா எய்கிச்சியின் வயிற்றுக்குள் ஊற்றி
மெல்ல அலசி
திரும்ப உறிஞ்சி
எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
அரிசி களைந்த நீரின் கலங்கல்கூட இல்லை.
தெளிவாகத்தான் இருக்கிறது.
தெளிவை நம்பாமலிருக்கத்தான்
அகிதா மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
எனக்குச் சம்பளம்.

கேமரா உள்ளே போய்ப் பார்த்துவிட்டது.
கல்லீரலுக்குக் கீழே, குடல் மடிப்புகளில்,
வபையின் கொழுப்புத் திரையில்
ஒரு பரு இல்லை, ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை.
ஸ்கேனைப் படித்த கணினி மட்டும்
பரவியிருக்க வாய்ப்பு
நூற்றுக்கு முப்பத்தொன்று என்றது.
"முப்பத்தொன்று என்றால்
மழையா, வெயிலா?" என்று கேட்டாராம்.
டாக்டர் நரிதா சிரிக்கவில்லை.
நோய் ஒருவர் வயிற்றில்;
புளி கரைந்தது
மனைவி ஃபுமியேவின் வயிற்றில்.

ஓகா முனையின் மீனவர்.
டிசம்பரில் கடல்மேல் இடி உருண்டால்
ஹதஹதா கரைக்கு வரும் என்று
நாள் குறிக்கத் தெரிந்தவர்.
மீன் என்ற எழுத்தின் பக்கத்தில்
இடி என்ற எழுத்தை வைத்துத்தான்
அதன் பெயரை எழுதுவோம்.
வந்த மீன்
கடற்பாசியில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும்,
கொத்துக் கொத்தாக, பிய்த்தாலும் வராமல்.
ஒட்டும்வரை கண்ணுக்குத் தெரியாது.
ஒட்டியபின் தெரிந்து என்ன?
எனக்கு வேண்டியது இடைப்பட்ட நேரம்.

சுழற்றி, அடியில் தங்கியதைக்
கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றிக் குனிந்தேன்.
வயிற்றுறையின் சொந்த அணுக்கள்
பாய் விரித்தாற்போல் படுத்திருந்தன.
மூன்றாவது கண்ணாடியின் ஓரத்தில்
தனியாக ஒன்று.
உள்ளே சளி நிரம்பி உப்பி
உட்கருவை விளிம்புக்குத் தள்ளிவிட்ட
கணையாழி.
பக்கத்தில் இன்னொன்று.
பிறகு ஏழு.
மோதிரத்தைக் கண்டால்
விரல் எங்கே என்று தேடும் மனம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
எழுபது வருடம்
உப்பிலிட்ட முள்ளங்கி, உப்பில் ஊறிய மீன்,
அந்த மீனின் சாறு.
உப்பு அவரை நினைத்துக்கொண்டதோ?
அறிக்கையில் எழுத முடியாது.
அதையே தின்ற அவர் அண்ணன்
எண்பத்திரண்டில் சைக்கிள் மிதிக்கிறார்.

வயிற்றைத் திறக்கவில்லை நரிதா.
தோலுக்கடியில் ஒரு பொத்தான் தைத்தார்.
மருந்து அதன் வழியே நேராக உள்ளே.
நரம்பில் ஏற்றினால் ரத்தத்தோடு ஊர்சுற்றி
அங்கே போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடுமாம்.
முதன்முதலில் யூ மரத்தின் பட்டையில் கிடைத்த மருந்து.
கமாதா வீட்டு வேலியிலும் அந்த இனமே நிற்கிறது.
சிறுவயதில் சிவப்புச் சதையைத் தின்று
விஷக்கொட்டையைத் துப்புவார்.
"இப்போது துப்ப விடமாட்டேன் என்கிறார்கள்."

இதெல்லாம் நர்ஸ் ஒரிகாசா சொல்லக் கேட்டது.
நான் அவரைப் பார்த்ததில்லை,
அவருடைய நீரைத் தவிர.

மூன்று வாரத்துக்கு இருமுறை. மாத்திரை தனி.
முடி போனது.
விரல்நுனி மரத்து
வலையின் முடிச்சு கைக்குப் புலப்படவில்லை.
அதற்குத்தான் அழுதார்,
மற்ற எதற்கும் இல்லை.

மீன் அற்றுப்போன காலத்தில்
ஊர் கூடி முடிவெடுத்து
மூன்று வருடம் வலை போடவில்லையாம்.
இடி இடிக்கும். படகு கரையில் கிடக்கும்.
"கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
பாசியை மட்டும் பார்த்துவிட்டு வருவோம்."

ஜூன். மறுபடி இருநூறு மில்லி.
நான்கு கண்ணாடி, இருமுறை.
சந்தேகப்பட்ட ஒன்றை மொகாமியிடம் காட்டினேன்.
மருந்தில் எரிச்சலடைந்த உறையணு,
அவ்வளவுதான் என்றார்,
ஆனால் கண்ணை எடுக்க நேரமானது.

தொலைபேசியில் நரிதா.
"இல்லை" என்றேன்.
"பார்த்த வரையில்."
எதிர்முனையில் காகிதம் புரண்டது.
இரைப்பையை எடுக்க
வியாழன் காலைக்கு அறுவை அறை
கேட்டுக்கொண்டிருந்தார் யாரிடமோ.

வைத்துவிட்டு
மூன்றாவது கண்ணாடியை
ஓரத்திலிருந்து
திரும்பத் தொடங்கினேன்.